வேலையில்லா உதவித்தொகை பாதியில் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது எப்படி

போன வாரம் ஊத்துக்குளிப் பக்கமிருந்து, எனக்குத் தங்கச்சி முறையாகும் பெண் ஒருத்தி போன் செய்தாள். "ஏனுங்ண்ணா, எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் காசு ரெண்டு தவணையா வரலீங்களே, யாரைப் போய்க் கேக்கறதுங்க?" வருடத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டிய சுய உறுதிமொழியைக் கொடுத்தாயா கண்ணு என்று கேட்டேன். "அப்படின்னா என்னங்ண்ணா?" என்றாள். சரி, விஷயம் அங்கேயே தெரிந்துவிட்டது.

அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பி.ஏ. முடித்துவிட்டுப் பல வருடம் கிடைத்த வேலையைப் பார்த்துக்கொண்டும் இல்லாமலும் இருந்த காலத்தில் எனக்கும் இதே மாதிரிதான் நின்றது. ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டபோது கவுன்டரில் இருந்தவர் ஒரு நோட்டைப் புரட்டிப் பார்த்து, "பேப்பர் வரலை, நிறுத்தியாச்சு" என்றார். நிறுத்தியதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பொழுதோடு பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு இருந்த வெசனம் காசைப் பற்றியது அல்ல. இத்தனை படித்தும் ஒரு தாளில் ஏமாந்தோமே என்பதுதான்.

இங்கிலாந்தில் வேலையில்லாதவர்களுக்குக் கொடுக்கும் யுனிவர்சல் கிரெடிட்டில் இதற்குத் தண்டனை என்றே பெயர். ஜாப் சென்டர் என்கிற அங்கத்து வேலைவாய்ப்பு அலுவலகம் கூப்பிட்ட நாளில் போகவில்லை, வேலை தேடியதற்குக் கணக்குக் காட்டவில்லை என்றால் காசைக் குறைப்பார்கள். ஒரு தண்டனையே மூன்று வருடம் வரை நீளலாம் என்று இருந்ததை 2019-ல்தான் ஆறு மாதத்துக்குக் குறைத்தார்கள். கொடுமைதான். ஆனால் அங்கே காசைக் குறைக்கிறோம் என்று எடுத்த முடிவு ஒன்று இருக்கிறது, அதை மறுபரிசீலனை செய்யச் சொல்லி எழுதலாம், அதற்கும் ஒத்துவரவில்லை என்றால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நம் ஊரில் யாரும் உங்களைத் தண்டிப்பதில்லை, சத்தமில்லாமல் காசு நின்றுபோகும், அவ்வளவுதான். சத்தமில்லாமல் நிற்பதை எதிர்த்து எங்கே போய் மனுப் போடுவது? அதனால் நிற்காமல் பார்த்துக்கொள்வதும், நின்றால் அதை எழுத்தில் சொல்ல வைப்பதும்தான் நம் கையில் இருக்கும் வேலை.

முதலில் எவ்வளவு காசுக்காக இந்தப் பாடு என்று பார்த்துவிடலாம். தமிழக அரசு வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாகக் கொடுக்கும் உதவித்தொகை, பத்தாவது தோற்றவர்களுக்கு மாதம் 200 ரூபாய், பத்தாவது தேறியவர்களுக்கு 300, பன்னிரண்டாவதுக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து வங்கிக் கணக்கில் போடுவார்கள், மூன்று வருடம் வரும். பட்டதாரிக்குத் தவணைக்கு 1,800, மூன்று வருடத்துக்கு 21,600. மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகை அதிகம் (பத்தாவது வரை 600, பன்னிரண்டாவதுக்கு 750, பட்டத்துக்கு 1,000), பத்து வருடம் கிடைக்கும், பதிவு செய்து ஒரு வருடம் ஆகியிருந்தாலே போதும். மற்றவர்கள் பதிவு செய்து ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும், வயது 40-க்குள், ஆதிதிராவிடர் பழங்குடியினர் என்றால் 45-க்குள், குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000 ரூபாய்க்குள். அதாவது மாதம் ஆறாயிரம். பனியன் கம்பெனியில் கைமடிக்கிற பையன் ஒருத்தன் வாரம் தவறாமல் வேலைக்குப் போனாலே அதைத் தாண்டிவிடுவான், ஆக இந்த வரம்பை யார் எந்தக் காலத்தில் உட்கார்ந்து எழுதினார்களோ தெரியாது. பொறியியல், மருத்துவம், சட்டம் மாதிரித் தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கு இது இல்லை. கல்லூரிக்கு நேரில் போய்ப் படிப்பவர்களுக்கும் இல்லை, ஆனால் தபால் வழியில் படித்தால் தடையில்லை. இந்தக் கடைசி விஷயம் தெரியாமலே விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் நிறைய.

இனி, எங்கெங்கே நிற்கும் என்று பார்ப்போம்.

பதிவைப் புதுப்பிக்காமல் விடுவது முதல் ஓட்டை. வேலைவாய்ப்புப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அது நடப்பில் இருந்தால்தான் உதவித்தொகையும் நடப்பில் இருக்கும். அடையாள அட்டையில் அடுத்த புதுப்பிப்பு மாதம் போட்டிருக்கும். அதை போனில் அலாரமாக வைப்பதைவிட வீட்டுக் காலண்டரில் எழுதுங்கள், போன் மாறினால் அலாரம் போய்விடும், அம்மா கண்ணில் படுகிற காலண்டர் போகாது. வேலைவாய்ப்புத் துறையின் இணையதளத்திலேயே புதுப்பிக்கலாம், முடித்ததும் வரும் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். தவறவிட்டுவிட்டால் உடனே அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள், விட்டுப்போனவர்கள் புதுப்பித்துக்கொள்ள அரசு அவ்வப்போது சிறப்புச் சலுகை அறிவிப்பதும் உண்டு. கல்யாணமாகி ஈரோட்டிலிருந்து தாராபுரத்துக்கோ, கோபியிலிருந்து பொள்ளாச்சிக்கோ வந்துவிட்ட பெண்கள் பதிவைப் பழைய மாவட்டத்திலேயே விட்டுவிட்டு மறந்துபோகிறார்கள். புது முகவரிக்கு ரேஷன் கார்டு மாறியதுமே பதிவையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நான் விழுந்த குழி, சுய உறுதிமொழி ஆவணம். உதவித்தொகை வாங்கத் தொடங்கிய பிறகு வருடம் ஒருமுறை, நான் இன்னும் வேலையில் இல்லை, சொந்தத் தொழிலும் செய்யவில்லை, முழுநேரமாகப் படிக்கவும் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்களுக்கு அடுத்த தவணை வராது. செய்தித்தாளில் நான்காம் பக்கத்து மூலையில் மாவட்ட ஆட்சியர் பெயரில் ஓர் அறிவிப்பு வரும், அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வீர்கள் என்று ஆபீஸில் நினைத்துக்கொள்வார்கள். அதை நம்ப வேண்டாம். முதல் தவணை கணக்கில் ஏறிய அன்றைக்கே அலுவலகத்துக்குப் போய், எனக்கு எந்த மாதம் உறுதிமொழி என்று கேட்டு பாஸ்புக் அட்டையின் உள்பக்கத்தில் எழுதிவிடுங்கள். கொடுக்கப் போகும்போது இரண்டு பிரதி கொண்டுபோங்கள், ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றில் தேதி போட்டு சீல் வாங்குங்கள். "அதெல்லாம் எதுக்குங்க, நாங்க நோட்ல எழுதிக்கறோம்" என்பார்கள். சிரித்துக்கொண்டே, பரவாயில்லைங்க சார், ஒரு சீல் மட்டும் போட்டுக் குடுத்துடுங்க என்று அங்கேயே நில்லுங்கள். கோபப்பட்டால் காரியம் கெடும், கிளம்பி வந்தாலும் கெடும்.

மூன்றாவதுதான் தர்மசங்கடமான இடம், நடுவில் வேலைக்குப் போவது. விதி தெளிவாகவே இருக்கிறது: அரசு வேலையோ தனியார் வேலையோ சொந்தத் தொழிலோ எதிலும் இருக்கக் கூடாது. ஆனால் மாதம் 400 ரூபாயை வைத்துக்கொண்டு யாரும் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது என்பது அதை எழுதியவர்களுக்கும் தெரியும். தீபாவளிக்கு முன்னால் ஆர்டர் குவிந்தால் ஊரே செக்கிங், மடிப்பு என்று கம்பெனிக்குப் போய்விடுகிறது. நான் சொல்வது இவ்வளவுதான்: பி.எஃப், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் உள்ள வேலையில் சேர்ந்துவிட்டால், ஒரு மாதமே ஆனாலும், உங்கள் பெயரில் பதிவு உருவாகிவிட்டது என்று அர்த்தம். அப்போது வேலையில் இல்லை என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போடாதீர்கள். சேர்ந்த தேதியை எழுதிக் கொடுத்து நிறுத்தச் சொல்லுங்கள். வாங்கிய காசைத் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்து நிற்பதைவிட இது எவ்வளவோ மேல். உதவித்தொகை வாங்குவதால் பதிவு மூப்பு போய்விடும் என்று ஒரு வதந்தி உண்டு, அது பொய், பதிவு அப்படியேதான் இருக்கும். வேலைவாய்ப்பு முகாமுக்குப் போய் வந்தால் காசு நின்றுவிடும் என்பதும் அந்த ரகம்தான். முகாமுக்குத் தாராளமாகப் போங்கள், வேலையில் சேர்ந்தால்தான் கணக்கு.

நான்காவது வங்கி. இது அலுவலகத்தின் தப்பும் இல்லை, உங்கள் தப்பும் இல்லை, ஆனால் காசு வராது. இரண்டு வருடம் நீங்களாக எதுவும் போடாமல் எடுக்காமல் இருந்தால் கணக்கு செயல்படாத கணக்காகிவிடும், ஆகவே தவணை வந்ததும் நூறு ரூபாயாவது எடுத்துப் போடுங்கள். வங்கிகள் இணைந்தபோது, எந்தக் கிளை என்று காட்டும் ஐ.எஃப்.எஸ்.சி. எண்கள் மாறின. ஆந்திரா வங்கி, கார்ப்பரேஷன் வங்கி இரண்டும் யூனியன் வங்கியோடும், சிண்டிகேட் கனரா வங்கியோடும் 2020-ல் சேர்ந்தன, நம் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி அதே வருடம் நவம்பரில் டி.பி.எஸ். வங்கிக்குப் போனது. பழைய பாஸ்புக் நகலைக் கொடுத்தவர்கள் புது நகலைக் கொடுத்துவிடுங்கள். பெயரும் பாருங்கள். ஆதாரில் இனிஷியல் பின்னால், சர்டிபிகேட்டில் முன்னால், பாஸ்புக்கில் அப்பா பெயரே முழுதாக, இப்படி மூன்று ஆளாக இருந்தால் ஏதாவது ஒரு மேசையில் தாள் தங்கிவிடும்.

சரி, நின்றேபோய்விட்டது, என்ன செய்வது?

நேரில் போய்க் கேட்பதோடு நிறுத்தாதீர்கள், ஒரு மனு கொடுங்கள். நீளமாகக் கஷ்டத்தை எழுத வேண்டாம், நானும் முதலில் இரண்டு பக்கம் எழுதி, அப்பாவின் சர்க்கரை நோய் வரைக்கும் சொல்லியிருந்தேன், யாரும் படிக்கவில்லை. இப்படிப் போதும்: "எனது வேலைவாய்ப்புப் பதிவு எண் இது. இந்தக் காலாண்டு முதல் எனக்கு உதவித்தொகை வரவு வைக்கப்படவில்லை. நிறுத்தப்பட்டிருந்தால் எந்தத் தேதியில், எந்தக் காரணத்தால் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும், நிலுவைத் தொகையை வழங்கவும் கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு: பாஸ்புக் நகல், பதிவு அட்டை நகல், சுய உறுதிமொழி நகல்." அவ்வளவுதான். இதிலும் சீல் வாங்கிய பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

பதில் வரவில்லை என்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அதே மனுவைக் கொடுங்கள், அங்கே மனு எண் தருவார்கள், அந்த எண்தான் உங்கள் பிடி. காலையில் நேரத்தோடு போய்விடுங்கள், பத்தரைக்கு மேல் போனால் வரிசை வாசல் தாண்டி நிற்கும். 1100-க்குப் போன் செய்து முதல்வரின் முகவரித் துறையிலும் பதியலாம். அதற்கும் அசையவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பத்து ரூபாய்க்கு கோர்ட் வில்லை ஒட்டி பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. "ஏன் நிறுத்தினீர்கள்" என்று கேட்டால், காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரு வரியில் அனுப்பிவிடுவார்கள். கேள்வியாகக் கேட்காதீர்கள், தாளைக் கேளுங்கள்: என் பதிவு எண் தொடர்பான கோப்பின் நகல், நிறுத்தும்படி இட்ட உத்தரவின் நகல், நான் இந்தத் தேதியில் கொடுத்த மனுவின் மேல் எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் நகல். இப்படிக் கேட்டு எழுதிய பிறகு பல பேருக்கு, பதில் வருவதற்கு முன்னாலேயே காசு வந்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

இதுவரை சொன்னது படித்துவிட்டு வேலையில்லாதவர்களுக்கு. திருப்பூர், கோயம்புத்தூர் பக்கம் வேலையில் இருந்து வேலை போனவர்களுக்கு வேறு ஒரு வழி இருக்கிறது, பல பேருக்குத் தெரியவே தெரியாது. 2016-ல் நோட்டு செல்லாதபோது, 2020-ல் கொரோனா வந்தபோது, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டு ஆர்டர் நின்றபோது என்று ஒவ்வொரு தடவையும் கம்பெனிகளில் முதலில் ஷிப்ட் குறையும், அப்புறம் ஆள் குறையும். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தவர்களுக்கு அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று வாயில் நுழையாத பெயரில் 2018-ல் ஒரு திட்டம் வந்தது. சராசரி தினச் சம்பளத்தில் முதலில் 25 சதவீதம் கொடுத்ததை 2020-ல் 50 சதவீதமாக்கினார்கள். 90 நாள் வரை, வாழ்நாளில் ஒரே முறை. தினம் 450 ரூபாய் சம்பளம் என்றால் 225 வீதம் 90 நாளைக்கு 20,250 ரூபாய், மூன்று வருட எம்ப்ளாய்மென்ட் காசுக்குக் கிட்டத்தட்டச் சமம். திட்டத்தை அவ்வப்போது காலம் நீட்டித்துத்தான் ஓட்டுகிறார்கள், ஆகவே விண்ணப்பிக்கும் முன் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் நடப்பில் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நிபந்தனைகள்: குறைந்தது இரண்டு வருடம் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது சந்தா போயிருக்க வேண்டும், அதற்கு முந்தைய மூன்று அரையாண்டுகளில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள். (ஆறு மாதம் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச்.) வேலை போய் 30 நாள் கழித்து இ.எஸ்.ஐ. தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், முதலாளி வழியாகப் போக வேண்டியதில்லை.

இங்கே கை நழுவும் இடம் ஒன்றுதான், ஆனால் பெரியது. ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர்களுக்கும், தானாக விலகி ஓய்வு வாங்கிக்கொண்டவர்களுக்கும் இந்தக் காசு கிடையாது. மாதாமாதம் இ.எஸ்.ஐ. கணக்கு ஏற்றும்போது, ஓர் ஆளுக்குச் சம்பள நாள் பூஜ்யம் என்றால் காரணத்தைத் தேர்ந்தெடுக்க ஓர் இடம் இருக்கிறது: வேலையை விட்டு விலகினார், ஓய்வு பெற்றார், ஆள்குறைப்பு, வேலையில்லை என்று வரிசையாக இருக்கும். கம்பெனியில் கணக்கு எழுதும் பையன் பெரும்பாலும் யோசிக்காமல் "விலகினார்" என்பதைத்தான் அமுக்குவான். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, அவனுக்கு ஐந்து மணிக்குள் முடிக்க வேண்டும். அதனால் வேலை இல்லை, நின்றுகொள் என்று சொல்லும்போதே சூப்பர்வைசர் அண்ணனிடமோ மேனேஜரிடமோ தன்மையாகக் கேளுங்கள்: "ஆர்டர் இல்லாமத்தானுங்க நிறுத்தறீங்க, அப்படியே போட்டு ஏத்தச் சொல்லுங்கண்ணா." கணக்கை முடித்துத் தருகிறோம் என்று வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடவே போடாதீர்கள், சொந்த விருப்பத்தில் விலகுகிறேன் என்று அதில்தான் பிற்பாடு டைப் அடிப்பார்கள். பீஸ் ரேட்டில் கான்ட்ராக்டரிடம் வேலை செய்பவர்கள் வேலையில் இருக்கும்போதே தங்கள் இ.எஸ்.ஐ. எண்ணில் மாதச் சந்தா ஏறுகிறதா என்று பார்த்துவிடுங்கள். சம்பளத்தில் 0.75 சதவீதம் உங்கள் பங்கு, 12,000-க்கு 90 ரூபாய். அது பிடிக்கப்பட்டும் ஏறவில்லை என்றால் வேலை போன பிறகு அழுது பயனில்லை.

நூறு நாள் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2005-ம் வருடச் சட்டப்படி வேலை கேட்டு 15 நாளில் கொடுக்காவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும், முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கு, அப்புறம் பாதி. அதை நிறுத்தும் விதியும் அதிலேயே இருக்கிறது: கொடுத்த வேலையை ஏற்காவிட்டாலும், அறிவித்து 15 நாளில் வராவிட்டாலும், அனுமதியில்லாமல் தொடர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் வராவிட்டாலும், ஒரே மாதத்தில் மொத்தம் ஒரு வாரத்துக்கு மேல் விட்டாலும் மூன்று மாதத்துக்கு அந்தப் படி இல்லை. கொடுமுடி, மொடக்குறிச்சிப் பக்கம் தை மாசியில் மஞ்சள் வெட்டுக்குப் போகிறவர்கள் இதில் மாட்டலாம், முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஆனால் அந்த மூன்று மாதத்திலும் வேலை கேட்கும் உரிமை போகாது, வேலை அட்டையையே ரத்து செய்துவிடுவோம் என்று யாராவது மிரட்டினால் அந்த விதியில் அப்படி எதுவும் இல்லை. இந்தப் படியை யாரும் வாங்கி நான் பார்த்ததில்லை, காரணம் வேலை கேட்டதற்குத் தேதி போட்ட ரசீது யார் கையிலும் இல்லை. 2025 டிசம்பரில் 125 நாள் என்று புதுச் சட்டம் நிறைவேறியிருப்பதால் இப்போது எந்த விதி நடப்பு என்று ஊராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள். ரசீது மட்டும் எந்தச் சட்டத்திலும் வேண்டும்.

ஊத்துக்குளிப் பெண் வரும் திங்கள்கிழமை மனுவோடு போகிறாள். மனுவை நான்தான் எழுதிக் கொடுத்தேன், எட்டு வரி. பாஸ்புக்கை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் அதில் அவள் பெயர் கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியலோடு இருக்கிறது, ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியல். ஆகவே திங்கள்கிழமைக்கு முன்னால் சனிக்கிழமை பேங்க்குக்கு. அது இரண்டாவது சனிக்கிழமையா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.